சுவர்ச்சூடு

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ராத்திரி, சுவர் தன் முதுகைத் தொட்டதாக இஸ்திரியக்காவுக்குத் தோன்றியது.

வயர்மேன் வேலை பார்த்த புருஷன் படுத்த பக்கத்துக்கு அவள் அதுவரைக்கும் போனதில்லை. வயர்மேன் செத்த பிறகும் தன் பாதியிலேயே சுருண்டு கிடப்பாள். அவர் பாதி விரித்தது விரித்தபடி இருக்கும். அன்றைக்கு அவள் பக்கத்துக் கூரை ஒழுகியது. ஒழுகலுக்கு ஒரு சட்டியை வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் சுவரோரம் நகர்ந்து படுத்தாள். கண் செருகுகிற நேரத்தில் தோள்பட்டைக்குக் கீழே இளஞ்சூடாக ஏதோ பட்டது. திரும்பி உள்ளங்கையை வைத்தாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், விரித்த கை அகலத்துக்குச் சுவர் வெதுவெதுவென்று இருந்தது. மேலே தடவினாள், கீழே தடவினாள். மற்ற இடமெல்லாம் மழைக்காலச் சுவர் எப்படி இருக்குமோ அப்படி நசநசவென்று குளிர்ந்து கிடந்தது.

அந்தக் கைக்குச் சூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வெளுத்து மடித்துக் கொடுக்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி மேசை. கல்யாணமாகி வந்த வருஷம் நின்ற இடம், இன்றைக்கும் அதே இடம். பெட்டியைக் கன்னத்தருகே தூக்கினாலே போதும், இது பட்டுக்கு ஆகும், இது பருத்திக்கு ஆகும், இது படுக்கை விரிப்பைக் கருக்கிவிடும் என்று சொல்லிவிடுவாள். சுவரில் இருந்தது கைக்குட்டைக்குக்கூடப் பத்தாத சூடு. ஆள் எழுந்துபோன தலையணையில் கொஞ்ச நேரம் தங்கியிருக்குமே, அந்த மாதிரி.

“வந்துட்டீங்களா?” என்று கேட்டாள். கேட்டபிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் சுவர் குளிர்ந்துவிட்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி மறுபடியும் வந்தது. அதற்கு அடுத்த நாள் வரவில்லை. வருகிற நாளும் வராத நாளுமாகப் போயிற்று. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. யாரிடம் சொல்ல? சலவைக்கூடத்தில் சொன்னால், பாவம் அக்காவுக்கு மண்டையில் ஆவி ஏறிவிட்டது என்பார்கள். வீட்டில் இருப்பது ஒரே மகள். அவளிடம் சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள்.

மகள் கார் ஓட்டுகிறவள். கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல் பெட்டியோடு திரும்பி வந்தவள், அப்பா செத்த பிறகு தவணையில் ஒரு மின்சாரக் கார் எடுத்து வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்குப் பின்னால் சந்து. சந்தை ஒட்டித் தகரக் கொட்டகை. வயர்மேன் தன் துளைபோடும் மிஷினை ஓட்டுவதற்காக அந்தக் கொட்டகையில் ஒரு பெரிய பிளக் வைத்திருந்தார். காரோடு வந்த கறுப்புப் பெட்டியை மகள் அந்தப் பிளக்கில்தான் மாட்டுவாள். பெட்டியில் ஒரு பொத்தான். அமுக்க அமுக்க எட்டு, பத்து, பதிமூன்று, பதினாறு என்று ஆம்பியர் எண் மாறும். மகள் அதைப் பத்தில் வைத்திருந்தாள். ராத்திரி வந்து, பெட்டி வயரின் முனையில் ‘கன்’ என்கிற கைப்பிடி இருக்கும், அதைக் காரில் செருகிவிட்டுப் படுத்தால் மறுநாள் பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் பேட்டரி நிறையும். தூர சவாரி போன நாட்களில் வீட்டுக்கு வரமாட்டாள். பெரிய ரோட்டில் இருக்கும் வேகச் சார்ஜரில் போட்டுக்கொண்டு, காரிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள்.

அந்த நாட்களில்தான் சுவர் குளிர்ந்து கிடக்கிறது என்பதை இஸ்திரியக்கா மெல்ல மெல்லக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகள் வீட்டில் இருக்கும் ராத்திரிகளில்தான் அவர் வருகிறார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே. மகள் வந்து சேரும்வரை சட்டையைக் கழற்றமாட்டார். வாசலையே பார்த்துக்கொண்டு, சும்மா ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“வெளியில தங்காதடி” என்று மகளிடம் சொன்னாள். “எவ்வளவு நேரமானாலும் வீட்டுக்கு வந்துடு.”

“வேகச் சார்ஜர்ல போட்டா ஒரு மணி நேரத்துல கிளம்பிடலாம்மா. இங்க விடிய விடிய கிடக்கணும்.”

“கிடக்கட்டும். பொம்பளைப் பிள்ளை ரோட்டுல தூங்கறது எனக்குப் பிடிக்கல.”

எதற்கும் ஒன்றுக்கு ரெண்டாகப் பதில் வைத்திருக்கிறவள், அன்றைக்கு “சரிம்மா” என்றுவிட்டாள். அதிலிருந்து வெளியே தங்குவதையும் விட்டாள். இஸ்திரியக்காவுக்கு அது அதிசயமாக இருந்தது. ஆனால் துருவிக் கேட்கவில்லை. கிடைத்ததைக் கெடுத்துக்கொள்வானேன்.

*

மழை ஓய்ந்து வெயில் காயத் தொடங்கிய சமயத்தில் மகள் ஒரு சேதியோடு வந்தாள். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

“ஒரு கம்பெனியில வருஷ ஒப்பந்தம் தர்றாங்க. விடியறதுக்கு முந்தின ஷிஃப்டுக்கு ஆளுங்களைக் கொண்டுபோய் விடணும். மாசம் பொறந்தா கைக்குக் காசு. நாயா அலைய வேண்டாம்.”

“நல்லதுதானே. மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?”

“ராத்திரி சவாரி முடிச்சு நான் வர்றதே லேட்டு. அப்புறம் ஆறு மணி நேரம்கூட இல்ல. பத்து ஆம்பியர்ல வெச்சா பாதிகூட ஏறாது.”

“அப்போ கூட்டி வை.”

“வெக்கத்தான் போறேன்” என்றாள் மகள். முட்டையை ரெண்டாக வெட்டி ஒரு பாதியை அம்மா தட்டில் தள்ளினாள்.

அன்றைக்குப் பெட்டி பதினாறுக்குப் போயிற்று.

இஸ்திரியக்கா முதுகைச் சாய்த்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். தலையணைச் சூடெல்லாம் இல்லை. பட்டுத்துணிக்குப் பெட்டியை வைப்பாளே, கிட்டத்தட்ட அந்தச் சூடு. கூடவே வாசனையும் வந்தது. வேலை முடித்து வரும்போது அவர் சட்டையில் வருகிற அதே வாசனை. சீவிய வயரின் பிளாஸ்டிக்கும் கறுப்பு டேப்பின் பசையும் கலந்தது. அவர் போன பிறகு அவர் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து மடித்து வைத்துவிட்டாள், தொழில் புத்தி. துவைத்திருக்கக் கூடாது என்று பின்னால் எவ்வளவோ நொந்துகொண்டாள். இப்போது அந்த வாசனை சுவரிலிருந்து வந்தது.

“கோபமா?” என்று கேட்டாள். “என்ன பண்ணிட்டேன் நான்?”

சுவர் கதகதவென்று இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. விடியும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்தே படுத்திருந்தாள்.

பதினாறு வைத்தும் கார் நிறையவில்லை. மகள் கிளம்புகிற நேரத்துக்கு முக்கால்தான் ஏறியிருந்தது. மகள் ஏணியைக் கூப்பிட்டாள்.

ஏணி என்பது அவன் பேரில்லை. வயர்மேனோடு கூடவே வேலைக்குப் போன ஆள். பனைமர உயரம். கூரை விசிறி மாட்ட அவனுக்கு ஏணி வேண்டாம் என்று வயர்மேன் கிண்டல் செய்தது பேராகவே நிலைத்துவிட்டது. கொட்டகையில் தலைகுனிந்து நுழைந்து, பிளக்கைத் தொட்டுப் பார்த்து, காரைச் சுற்றிவந்து, பிறகு அடுப்படி வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தும் நிற்கிற உயரத்தில் இருந்தான்.

“அண்ணி, டீ போடுங்க. சக்கரை வேண்டாம், டாக்டர் திட்டறாரு.”

“சரி தம்பி.”

“அதுக்காக ஒரேடியா வேண்டாம்னு இல்ல. டாக்டர் இங்க எங்க பார்க்கப் போறாரு.”

மகள் சிரிக்கவில்லை. “சித்தப்பா, வெளியில ஒரு மணி நேரத்துல ஏறுது. வீட்டுல ஏன் இப்படி இழுக்குது?”

“அது டி.சி. அந்த மெஷினு பீரோ கணக்கா நிக்குதே, அதுவே கரண்டை மாத்தி நேரா பேட்டரியில கொண்டுபோய் ஊத்திடும். வீட்டுல வர்றது ஏ.சி. அதை வண்டிக்குள்ள இருக்கற சின்னப் பெட்டி வாங்கி, மாத்தி, பேட்டரிக்கு ஊட்டணும். அங்க குடத்தோட கவுக்கறான், இங்க ஸ்பூன்ல ஊட்டறான்.”

“குடமும் எண்பது பர்சென்டுக்கு மேல நத்தையாயிடுது.”

“வயிறு நெறைய நெறைய யாரா இருந்தாலும் மெதுவாத்தான் திம்பாங்க. உன்னை மாதிரியா?” என்றான். “கேளு. இதுல மூணு பேரு இருக்காங்க. குடுக்கற பெட்டி, தாங்கற வயரு, வாங்கற வண்டி. மூணு பேருல எவன் நோஞ்சானோ அவன் வெச்சதுதான் சட்டம். உன் வண்டி ஏழு கிலோவாட் வரைக்கும் வாங்கும். அந்தக் கறுப்புப் பெட்டி பதினாறுக்கு மேல குடுக்காது, அதான் முக்கா வயித்தோட எந்திரிக்குது. சுவத்துல மாட்டற பெட்டி ஒண்ணு போட்டுடுவோம். முப்பத்திரெண்டு ஆம்பியர். நீ வந்து படுத்து எந்திரிக்கறதுக்குள்ள ரொம்பிடும்.”

“வயரு தாங்குமா?”

“உங்கப்பா இழுத்த வயரு. தடி வயரு, கடையில நானும் கூட இருந்தேன். மெயினுலேர்ந்து நடுச்சுவர் வழியா கொட்டகைக்கு வருது. அவரு வேலையை நான் சோதிக்கறதா? மேல இருந்து மண்டையில போடுவாரு.” டீயை வாங்கி ஊதினான். “இருந்தாலும் கேக்கறது கேக்கணும். எங்கயாவது சுவர் சுடுதா? பொசுங்கற வாசனை ஏதும் வருதா அண்ணி?”

இஸ்திரியக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நின்றது.

“ஏன் தம்பி? சுட்டா என்ன?”

“புதைச்ச ஜாயிண்ட் இருந்தா சுடும். வயரு பத்தலைன்னு ரெண்டு துண்டை முறுக்கி டேப்பைச் சுத்திப் பைப்புக்குள்ள தள்ளி மூடிடுவானுங்க சில பேரு. கொலைகாரப் பசங்க. கெட்டில் போட்டா அஞ்சு நிமிஷம், நின்னுடும், ஒண்ணும் தெரியாது. இது விடிய விடிய ஒரே சீரா இழுக்கும். அந்த முடிச்சு சுட்டுக்கிட்டே கிடக்கும்.”

“சுட்டா பிரேக்கர் விழுந்துடாதா?” என்று கேட்டாள் மகள்.

“அதுக்கு எவ்வளவு போகுதுன்னுதான் தெரியும். எங்க சுடுதுன்னு தெரியாது. பதினாறு போகலாம்னு வெச்சா, பதினாறு போற வரைக்கும் வாயே தெறக்காது. அதுலயும் கரண்ட் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா சூடு நாலு மடங்கு ஆகும். பதினாறுல ராத்திரி விளக்கு மாதிரி இருந்தது, முப்பத்திரெண்டுல நூறு வாட் குண்டு பல்பைச் சுவத்துக்குள்ள வெச்சுப் பூசின மாதிரி. அப்புறம் ஒரு நாளைக்குத் தூங்கும்போதே...” கையை விரித்தான். “அதான் கேட்டேன். சூடு ஏதும் உண்டா?”

இஸ்திரியக்காவின் அறைக்கும் மகள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நடுச்சுவர் என்றானே. ஒரு சாண் உயரம், விரித்த கை அகலம். அவ்வளவுதானா? அந்த மழை ராத்திரியிலிருந்து பேசிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு முடிச்சோடா?

“இல்ல தம்பி” என்றாள். வாய்தான் சொன்னது.

“உனக்கு?” என்று மகளைக் கேட்டான்.

“ம்ஹூம்” என்றாள் மகள், டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு.

“அப்போ நாளைக்குக் காலையில பெட்டியோட வந்துடறேன்.”

*

ராத்திரி அவள் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

முடிச்சாகவே இருக்கட்டும். யார் முறுக்கிய முடிச்சு? அவர் கைதானே. அவர் விரல் பட்ட இடம்தானே சுடுகிறது. அப்படியானால் தான் நினைத்ததில் என்ன பிசகு? இப்படி ஒரு நேரம் தோன்றியது. இன்னொரு நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற மகளின் முகம் வந்தது. அந்த அறைக்கு ஒரே ஒரு கதவு. ஜன்னலுக்குக் கம்பி. நூறு வாட் பல்பு. சலவைக்கூடத்தில் ஒருமுறை மடித்த விரிப்புகளின் மேல் யாரோ பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். முதலில் வாசனைதான் வந்தது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்தபோது நடுவிலிருந்து கறுப்பாக விரிந்துகொண்டே வந்தது.

சுவரிலிருந்து அவர் சட்டை வாசனை வந்தது.

எழுந்தாள். செருப்புப் போடாமல் பின்பக்கம் போனாள். காரிலிருந்து கன்னைப் பிடுங்கிவிடுவது என்றுதான் போனாள். கொட்டகையில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அந்த வெளிச்சத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், மகள் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி இங்க?”

“தூக்கம் வரல. நீ?”

இஸ்திரியக்கா கார்க் கதவில் கையை ஊன்றிக்கொண்டாள். “ஏணிகிட்ட நான் பொய் சொல்லிட்டேன். சுவர் சுடுதுடி.”

மகள் நிமிரவில்லை. “ஒரு சாண் உயரத்துல” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“என் பக்கமும் அதே இடத்துலதான் சுடுது.”

தகரத்தின் மேல் எதுவோ ஓடியது, பூனையாக இருக்கும். இஸ்திரியக்கா அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“எப்பலேர்ந்து?”

“வண்டி வந்ததுலேர்ந்து.”

“ஏன்டி சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

இஸ்திரியக்கா முந்தானையால் கார்க் கதவைத் துடைத்தாள்.

“எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்” என்றாள் மகள். “நான் திரும்பி வந்தப்போ அப்பா ஒண்ணுமே கேக்கல. ஏன் வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல. தோள்ல கையை வெச்சுட்டுப் போயிட்டாரு. அதே மாதிரி இருந்துச்சும்மா.”

“வண்டியாலன்னு உனக்குத் தோணலையா? நீ ஓட்டறவ.”

“தோணுச்சு. ஒரு நாள் எந்திரிச்சு வந்து கன்னைப் புடுங்கிப் பார்த்தேன். ஆறிப்போச்சு. திரும்பப் போட்டேன், சுட்டுச்சு. இன்னொரு நாளும் பார்த்தேன். அதுக்கப்புறம் பார்க்கல.”

“தெரிஞ்சுமா பதினாறு வெச்சே?”

“ஒப்பந்தத்துக்குத்தான் வெச்சேன்.” வாளியின் விளிம்பைத் தடவினாள். “அதுக்கு மட்டும் இல்ல.”

“நாளைக்கு முப்பத்திரெண்டு மாட்டப் போறான்.”

“ஆமா. நிறுத்தணும்னுதான் வந்தேன். வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா. கை வரமாட்டேங்குது.”

“எப்படிப் புடுங்கறது?”

“நான் புடுங்கறேன், விடு.”

“நீ எப்படின்னு சொல்லு.”

மகள் சாவியை அமுக்கினாள். உள்ளே பூட்டு திறந்துகொண்டது. இஸ்திரியக்கா கன்னை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நினைத்ததைவிட லேசாக வந்துவிட்டது. பச்சை விளக்கு அணைந்தது. காருக்குள் ஓடிக்கொண்டிருந்த விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

உள்ளே வந்து இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நாலு உள்ளங்கைக்கும் அந்த இடம் பத்தவில்லை. சலவைக்கூடத்தில் சாயங்காலம் சுவிட்சை அணைத்த பிறகும் பெட்டியில் சூடு நிற்கும். அந்த மிச்சச் சூட்டில் இஸ்திரியக்கா எப்போதும் ரெண்டு கைக்குட்டையைத் தேய்த்துவிடுவாள், வீணாக விடமாட்டாள். எந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பட்டுக்கு ஆகிற சூடு கைக்குட்டைக்கு இறங்கியது. கைக்குட்டை தலையணைக்கு இறங்கியது. அதற்குப் பிறகு, சுவரில் இருப்பது சுவரின் சூடா, தங்கள் கையின் சூடா என்று தெரியவில்லை.

“போயிட்டாரா?” என்று கேட்டாள் மகள்.

“கையை எடு, பார்ப்போம்.”

யாரும் எடுக்கவில்லை.

*

காலையில் ஏணி பெட்டியோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. நம்பவில்லை. மெயினை அணைத்துவிட்டு, உளியை எடுத்து, இஸ்திரியக்கா காட்டிய இடத்தில் பூச்சைத் தட்டினான். சுவர்க்காரை உதிர்ந்து பாயெல்லாம் தூசி. பைப் வெளியே வந்தது, ஒரு இடத்தில் பழுப்பேறிக் கோணலாக வளைந்திருந்தது. அறுத்துப் பிரித்தான். உள்ளே கறுப்பு டேப் கொப்பளித்து உருகிப் பைப்போடு ஒட்டிக்கிடந்தது.

ஏணி அந்த டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

“ஒரு முழம் பத்தாம போயிருக்கு” என்றான். “அடுத்த நாள் வாங்கிக்கலாம்னு நெனச்சிருப்பாரு. இதுக்காக என்னை எத்தனை தடவை சட்டையைப் புடிச்சுத் தள்ளியிருக்காரு தெரியுமா அண்ணி? பைப்புக்குள்ள ஜாயிண்ட் போட்டா கையை ஒடிச்சுடுவேன்னு. அந்த மனுஷன்...” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

“அவரு பண்ணது தப்புதானே?” என்று கேட்டாள் இஸ்திரியக்கா.

“மிஷினு பத்து நிமிஷம் ஓடும், நிக்கும். அதுக்கு இது ஜென்மத்துக்கும் தாங்கியிருக்கும். விடிய விடிய இழுக்கற வண்டி வந்து நிக்கும்னு யாரு கண்டா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நல்லாத்தான் முறுக்கியிருக்காரு. வேற எவன் முறுக்கியிருந்தாலும் எப்பவோ பத்தியிருக்கும்” என்றான்.

முடிச்சை வெட்டி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். தரட்டுமா என்று அவன் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சுவரை விட்டுவிட்டு, வீட்டுக்கு வெளிப்புறமாகப் புது வயரை ஒரே நீளமாக, நடுவில் ஒரு வெட்டுகூட இல்லாமல் இழுத்தான். வெயிலில் நின்று பைப்பைப் பிடித்துக் கொடுத்தது மகள். பொழுது சாய்கிறபோது பிரேக்கரை மாற்றி, புதுப் பெட்டியை மாட்டி, காரில் கன்னைச் செருகினான். வயர் நெடுக அங்கங்கே கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். “கல்லு மாதிரி கிடக்கு” என்றான். உடைத்த இடத்தைச் சிமெண்டு வைத்துப் பூசிக் கொடுத்துவிட்டு, சக்கரை போட்ட டீயை மறுப்பேதும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனான்.

ராத்திரி இரண்டு பேரும் அவரவர் அறையில் படுத்தார்கள். கொட்டகையில் கார் விசிறி சீராக ஓடும் சத்தம் கேட்டது. முப்பத்திரெண்டு ஆம்பியர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வாசனை எதுவும் இல்லை.

“அம்மா” என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“ம்.”

“அங்க?”

கையை வைத்துப் பார்த்தாள். “ஒண்ணுமில்லடி. அங்க?”

“இங்கயும் ஒண்ணுமில்ல.”

விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மகள் கேட்டாள். “நான் அந்தப் பக்கம் வந்து படுக்கவா?”

“வா.”

பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இஸ்திரியக்கா விளக்கைப் போடவில்லை. தன் பழைய பாதிக்கு நகர்ந்து, அவர் பாதியைத் தட்டி விரித்துக் கொடுத்தாள். மகள் வந்து படுத்தாள்.

“சுவரை ஒட்டிப் படுக்காதே” என்றாள் இஸ்திரியக்கா. “சிமெண்டு இன்னும் காயல.”